கயிச்சிக் குடுத்த புல்லட்

விற்கிறவன் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பழைய மோட்டார் சைக்கிள் வாங்க வேண்டும். எந்த வீடியோவிலும் இதைச் சொல்லித் தருவதில்லை. சேஸ் நம்பரைப் பார், கிக்கரை மிதித்து எஞ்சின் ஜாம் ஆகியிருக்கிறதா என்று பார், டேங்க்குக்குள் டார்ச் அடித்துத் துருவைப் பார் என்பார்கள். நானும் அதையெல்லாம் மாதக்கணக்கில் பார்த்து மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். மனுஷன் முகத்தைப் பார்க்கத்தான் தெரியாமல் போய்விட்டது.

என் பெயர் சோபியா. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிறேன். நாளெல்லாம் புத்தம் புது கியர்களை எடுத்து அளந்து பெட்டியில் போடுகிற வேலை. அவை எந்த வண்டிக்குப் போகின்றன என்று எனக்குத் தெரியாது, ஒரு நாளும் தெரியப்போவதும் இல்லை. செத்துக் கிடக்கிற ஒரு முழு வண்டியை என் கையால் ஓட வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பொம்பளப் பிள்ளைக்கு வருகிற ஆசையா இது என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ஆமாம், இதுதான் ஆசை, உங்களுக்கு எங்கே நோகிறது என்று கேட்டேன். அதோடு விட்டுவிட்டார்கள்.

சாலவாக்கத்திலிருந்து உள்ளே போகிற ரோட்டில் ஏரிக்குக் கீழே இருக்கிறது எங்கள் காலனி. ரோடு முதலில் ஊருக்குள் புகுந்து, மதகைத் தாண்டி, அதற்குப் பிறகுதான் எங்களிடம் வரும். அப்பா ஏசுதாஸ் இறந்துவிட்டார். அம்மா பவளம், நான், தம்பி அரவிந்தன், இவ்வளவுதான் குடும்பம். அரவிந்தன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்ற பெயரில் போன் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு அவன்தான் உயிர். எனக்கும்தான். ஆனால் அதை அவனிடம் சொல்லி அவனைக் கெடுக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

இருவருமாகத்தான் வண்டி பார்க்கப் போனோம். முதலில் காவாந்தண்டலத்தில் ஒரு ராஜ்தூத். மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குள் கிடந்தது. "எங்க தாத்தா ராஜா மாரி ஓட்னாரும்மா" என்றார் வீட்டுக்காரர். பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் ராஜாவின் வண்டியில் சேஸை நடுவில் அறுத்து வெல்டிங் வைத்திருந்தது. அடுத்து உத்திரமேரூர் பஜாருக்குப் பின்னால் ஒரு யெஸ்டி. வெளியே மின்னியது, எஞ்சினைத் திறந்தால் பாதி சாமானைக் காணோம். முதல் வண்டி வாங்குகிறவள் அழகைப் பார்க்கக் கூடாது, எல்லா சாமானும் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அழகை நாம் பண்ணிக்கொள்ளலாம், இல்லாத சாமானை எங்கே போய்த் தேடுவது? ஒவ்வொரு தரமும் கையெல்லாம் கரியாகி டவுன் பஸ் பிடித்துத் திரும்பி வந்தோம்.

ஒரு நாள் டீக்கடையிலிருந்து வந்த அரவிந்தன் சொன்னான். "க்கா, நம்ம ஊர்லயே கீதே ஒண்ணு. புருஷோத்தமன் வூட்டு புல்லட்டு. யாராச்சும் கேட்டா குடுத்துடுவாங்களாம்."

அந்த புல்லட்டைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. புருஷோத்தமனின் அப்பா புதிதாக எடுத்தது. கன்னங்கரேல் என்று, வலது காலில் கியர் போடுகிற பழைய மாடல். அது வரப்பில் வந்து நின்றால் நடவு நடுகிறவர்கள் நிமிர மாட்டார்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்குப் பிறகு புருஷோத்தமன் ஓட்டினார், அவருக்குப் பிறகு அவர் மகன் மோகன்குமார். மோகனும் அரவிந்தனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அந்த மோகன்தான் அப்போது மூளைக் காய்ச்சல் கண்டு காஞ்சிபுரத்தில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். மாதக்கணக்கில் கிடக்கிறான், கண் திறக்கவில்லை என்றார்கள்.

"பையன் அப்டி கெடக்கறப்போ போயி வண்டி கேட்டா நல்லாவாடா இருக்கும்?" என்றேன்.

"ஆஸ்பத்திரி செலவுக்கு விக்கறாங்கோ போல. நம்ம கேக்கலன்னா வேற எவனாச்சும் கேப்பான்."

அது சரியாகப் பட்டது. அவசரத்துக்கு விற்கிறவர்களிடம்தான் மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு ஈனப் புத்தியும் உள்ளே இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

புருஷோத்தமன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்து, கண்ணெல்லாம் குழிந்து ஆள் பாதியாகியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். காலனிக்காரர்கள் வந்து அந்த மனுஷன் எழுந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீயாத்தான் வந்தியாம்மா? யாராச்சும் அனுப்பிச்சாங்களா?"

"நானாத்தான் சார் வந்தேன்."

"இன்னா வோணும்? வாயத் தொறந்து கேளு."

"புல்லட்ட குடுக்கறதா கேள்விப்பட்டேன். எனக்குக் குடுங்க சார்."

அவர் மூச்சை இழுத்து விட்டார். ஷெட்டைத் திறந்து காட்டினார். நான் என் வேலையை ஆரம்பித்தேன். சேஸ் சுத்தம். எஞ்சின் நம்பர் சரி. கிக்கர் வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஒரு சாமான் குறையவில்லை, ஒரு போல்ட்டுகூட மாற்றுப் போல்ட் இல்லை. கார்புரேட்டர் அடைத்து, ஸ்பார்க் கொடுக்கிற பாயின்ட் கரிந்து, வயர்களை எலி கடித்திருந்தது. எல்லாம் என் கைக்கு அடங்குகிற வேலை. அவர் சொன்ன விலை, வெளியில் கேட்கிற விலையில் பாதிகூட இல்லை. அப்படியும் பழக்க தோஷம் விடுமா? "கொஞ்சம் கொறச்சிக் குடுங்க சார்" என்றேன்.

"நீ கேட்டதால கயிச்சிக் குடுக்கறேம்மா" என்றார். பிறகு ஒரு தரம் அழுத்திச் சொன்னார். "கயிச்சித்தான் குடுக்கறேன். சம்மதமா? சொல்லு."

விலையில் தள்ளுபடி செய்வதை எங்கள் பக்கம் கழித்துக் கொடுப்பது என்றுதான் சொல்வோம், பேச்சில் அது கயிச்சி. மளிகைக் கடை முதல் மாட்டுச் சந்தை வரை இதே வார்த்தைதான். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "முழு சம்மதம் சார்" என்றேன்.

கதவுக்குப் பின்னால் அவர் மனைவி தாயாரம்மாள் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மகன் ஓட்டிய வண்டி போகிறதே என்று அழுகிறாள் என நினைத்தேன்.

"தம்பியும் ஓட்டுவான் இல்ல?" என்று கேட்டார் புருஷோத்தமன். அரவிந்தனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் ஓட்டாமலா?"

"மோகனும் அவனும் ஒரே வருஷம்."

"ஒரே க்ளாஸ் சார்" என்றான் அரவிந்தன். "மோகன் எப்டி கீறான் சார்?"

அவர் ஷெட் கதவைச் சாத்தினார். சனிக்கிழமை காலையில் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். சனிக்கிழமை எனக்கு ஷிப்ட் இருக்கிறது, ஞாயிறு வரட்டுமா என்று கேட்டேன். சனிக்கிழமைதான் என்றார். வேலைக்கு லீவு போட்டேன்.

அன்றைக்கு நடந்ததை எத்தனையோ தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் கண் முன்னால்தான் நடந்தது. வண்டியை முற்றத்தில் நிறுத்திக் கற்பூரம் காட்டியிருந்தார்கள். சக்கரத்தில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. புது வண்டிக்குத்தானே பழம் வைப்பார்கள், போகிற வண்டிக்கு என்னத்துக்கு என்று அரவிந்தன் காதில் கிசுகிசுத்தான். வண்டியை முன்பக்கமாகத் திருப்பப் போனேன். "திருப்பாத, பின்பக்கமாவே இட்டுக்கினு போ" என்றார் புருஷோத்தமன். நாங்கள் கேட்டைத் தாண்டியதும், "திரும்பிப் பாக்காம போம்மா" என்று குரல் கொடுத்தார்.

பார்க்காதே என்று சொன்னால் நான் திரும்பித்தான் பார்ப்பேன். என் சுபாவம் அது. தாயாரம்மாள் ஒரு குடம் தண்ணீரை வாசலில் கொட்டி, துடைப்பத்தால் விறுவிறுவென்று கழுவித் தள்ளிக்கொண்டிருந்தாள். ஆயில் சிந்திவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். பிணம் வெளியே போன வீட்டில்தான் பின்னாலேயே அப்படிக் கழுவி விடுவார்கள். எங்கள் அப்பா போனபோதுகூட அப்படித்தான் கழுவினார்கள். அது அப்போது எனக்கு ஏன் ஞாபகம் வரவில்லை என்று இன்றுவரை புரியவில்லை.

ஊர்த் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தோம். எப்போதும் எங்கே போகிறாய், எங்கே வருகிறாய் என்று குடைகிற பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. வாசலில் விளையாடிய குழந்தையை ஒருத்தி வெடுக்கென்று உள்ளே இழுத்தாள். காலனிப் பெண் புல்லட் வாங்கிவிட்டாள், வயிறு எரிகிறது என்று எனக்கு உள்ளூர ஒரே குஷி.

அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் முறம் நின்றது.

"யாரு வூட்டு வண்டிடி இது? ஆண்ட வூட்டுதா?" நான் சார் என்பவரை அம்மா இன்னும் ஆண்டை என்றுதான் சொல்வாள். எத்தனை சண்டை போட்டும் மாற்ற முடியவில்லை.

"ஆமா. கேட்டேன், குடுத்துட்டாரு."

"கேட்டியா? நீயா கேட்டியா?"

"நான்தாம்மா கேட்டேன். அதுவும் கயிச்சிக் குடுத்தாரு" என்றேன் பெருமையாக.

அம்மா முகம் வெளிறிப்போனது. "இன்னா சொல்லிக் குடுத்தாரு? அவரு வாயால இன்னா சொன்னாரு? அப்டியே சொல்லு."

சொன்னேன். சனிக்கிழமையைச் சொன்னேன், பின்பக்கமாக எடுக்கச் சொன்னதைச் சொன்னேன். தண்ணீர் ஊற்றியதைச் சொல்லும்போது என் குரலே எனக்கு மாறிக் கேட்டது. அம்மா எழுந்து போய் வண்டியின் டூல் பாக்ஸைத் திறக்கச் சொன்னாள். உள்ளே ஒரு கறுப்புத் துணி முடிச்சு. அவிழ்த்தால் கைப்பிடி எள், ஒரு இரும்பு ஆணி, கிழித்தெடுத்த சட்டைத் துணி ஒரு துண்டு. நீலக் கட்டம் போட்ட சட்டை. மோகன் அதைப் போட்டுக்கொண்டு இதே வண்டியில் போனதை நாங்கள் எல்லாருமே பார்த்திருக்கிறோம்.

"பணத்த கயிக்கலடி அவரு" என்றாள் அம்மா. "கயிப்பு கயிச்சிருக்காரு. புள்ள மேல கீற சனிய இரும்புல எறக்கி உன் கையில குடுத்துட்டாரு."

அவள் சொல்லித்தான் எனக்கு விவரம் தெரிந்தது. ஊரில் ஒரு பிள்ளைக்கு உயிர் போகிற மாதிரி ஆனால் அந்தக் காலத்தில் எள்ளும் ஆணியும் கறுப்புத் துணியும் சுற்றிக் காலனிக்காரர் கையில் கொடுப்பார்களாம். சும்மா கொடுத்தால் இறங்காது. வாங்குகிறவர்கள் தானாக வந்து, வாய்விட்டுக் கேட்டு, மனசோடு வாங்க வேண்டும். அந்த வீட்டில் அதே வயதுப் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது. பஞ்ச காலத்தில் அரை மரக்கால் நெல்லும் சேர்ந்து கிடைக்கிறது என்று என் அம்மாவைப் பெற்றவள் ஒரு தரம் கேட்டு வாங்கியிருக்கிறாள். அந்த வருஷமே அம்மாவின் அண்ணன் போய்விட்டான்.

"அவரு எதுக்கு ரெண்டு பேரும் ஒரே வருஷம்னு சொன்னாருன்னு இப்ப புரியுதா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது! எனக்கு இந்தச் சனி, கழிப்பு, எள்ளு எதிலும் நம்பிக்கை இல்லை, அப்போதும் இல்லை. ஆனால் அந்த மனுஷனுக்கு இருக்கிறதே! என் தம்பியைக் கண்ணால் அளந்து, இவன் போகட்டும் என் பிள்ளை பிழைக்கட்டும் என்று நினைத்துத்தானே எழுந்து நின்று மரியாதை கொடுத்தார். கழுத்தை அறுக்கக் கத்தி எடுத்தவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? கத்தி மழுங்கலாக இருந்துவிட்டால் எடுத்தவன் யோக்கியனாகிவிடுவானா?

உடனே வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு போனேன். கேட் பூட்டியிருந்தது. போன் அடித்தால் எடுக்கவில்லை. அரவிந்தன் அப்போதும் சிரித்தான். "உடுக்கா. எள்ளு ஓசில குடுத்தானுங்க, உருண்ட புடிச்சி தின்னலாம்" என்றான். அம்மா அவன் வாயிலேயே ஒன்று வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரைக் கூட்டிவந்து வண்டிமேல் கை வைத்து ஜெபம் பண்ணச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் ஜெபித்தார். ஆனால் கையை வண்டியில் படாமல் ஒரு சாண் மேலேயே வைத்திருந்தார்.

நான் வண்டியைப் பிரித்தேன். அவர்கள் எதை இறக்கினார்களோ எனக்குத் தெரியாது, நான் இறக்கியது எஞ்சினை. கார்புரேட்டரைக் கழுவினேன், பாயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், வயர் எல்லாம் புதிதாக இழுத்தேன். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்ததும் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிடுவேன். அம்மா அந்தப் பக்கமே வருவதில்லை. அரவிந்தன் மட்டும் கூடவே உட்கார்ந்து நட்டுகளை மண்ணெண்ணெயில் போட்டுக் கொடுப்பான். அவன் விரல் நசுங்கினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்பிக்கை இல்லாதவளுக்கு எதற்கு அப்படிப் போட வேண்டும் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

வண்டி முதல் தரம் ஸ்டார்ட் ஆன வாரம் மோகன்குமார் கண் விழித்துவிட்டான் என்று செய்தி வந்தது. கொஞ்ச நாளில் வீட்டுக்கும் வந்துவிட்டான். வைத்தியம் பார்த்தார்கள், பிழைத்தான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் ஊர் அப்படி நினைக்கவில்லை. "உன் தம்பி எப்டி கீறான்?" என்று ஆள் ஆளுக்கு என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். எத்தனை கரிசனம்! டீக்கடையில் அரவிந்தனிடம் காசு வாங்க மறுத்தார்கள். அவன் நடந்து போனால் தெருவே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவுக்கு அப்படித்தான் ஆளாளுக்குத் தழை கொடுப்பார்கள். முதலில் சிரித்துக்கொண்டிருந்தவன் மெல்ல டீக்கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டான்.

வண்டியைத் தொலைத்துவிடு என்று அம்மா காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். எனக்கும் சலித்துப்போய்விட்டது. காயலான் கடைக்காரர் ஒருவரை வரச் சொன்னேன். மினி லாரியோடு வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "இது புருஷோத்தமன் வூட்டு வண்டி இல்ல?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டுக் காலி லாரியோடு போய்விட்டார்.

அதற்கடுத்து அரவிந்தனுக்குக் காய்ச்சல் வந்தது.

மழைக்காலம். ஏரி நிறைந்து கொசு மொய்த்துக்கொண்டிருந்தது. காலனியில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு மாதிரி இருக்கிறது, நிறையத் தண்ணீர் கொடுங்கள், தினமும் கூட்டிவந்து காட்டுங்கள் என்றார்கள். பயப்படுகிற மாதிரி இல்லை என்றும் சொன்னார்கள். இதையெல்லாம் நான் அம்மாவிடம் தெளிவாக எடுத்துச் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. அவன் கட்டில் அருகே உட்கார்ந்து கைகால்களைத் தடவிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் அவன் உதடு வெடித்து, பேச்சு குழறியது. வெளியே வந்து நின்றேன். கொசுக் கடித்துத்தான் காய்ச்சல் என்று வாய்விட்டு எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அன்று மத்தியானம்தான் மோகன்குமார் வந்தான்.

மழை விட்டு அடித்த வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, எலும்பும் தோலுமாக, மதகைத் தாண்டி மெதுவாக நடந்து வந்தான். வீட்டுக்குத் தெரியாமல் வந்திருக்கிறான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. நேராக வண்டியிடம் போனான்.

"க்கா, நீங்களா இப்டி பண்ணீங்கோ? எங்க நைனா இத வித்துட்டாருன்னு சொன்னப்போ அயுதுட்டேன். சூப்பரா கீதுக்கா." அவன் கண் பளபளத்தது. "அரவிந்தன் எங்க?"

"ஜொரம். உள்ள படுத்துங்கீறான்" என்றேன்.

"ஐயோ. நல்லாயிடுவான்க்கா." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டான். "நான் ஒரு தபா ஏறி உக்காரட்டுமா?"

வாசற்படியில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்து வந்தாளோ தெரியாது. அவன் கேட்டது அவள் காதில் விழுந்துவிட்டது. தானாக வந்து, வாய்விட்டுக் கேட்டிருக்கிறான். அவள் முகம் மலர்ந்ததே, அப்படி ஒரு மலர்ச்சியை நான் எந்த நல்ல நாளிலும் அவளிடம் பார்த்ததில்லை.

"உக்காரு சாமி" என்றாள். "உன் வண்டிதானே. உனக்கில்லாததா? ஏறி நல்லா உக்காரு ராஜா." கோழியைப் பிடித்து அறுக்கப் போகும்போது பா பா என்று கூப்பிடுவாளே, அந்தக் குரல். அக்கம் பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"மோகனா! தொடாத!"

மதகின் அந்தப் பக்கம் ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார் புருஷோத்தமன். அதற்கு மேல் ஓர் அடி வைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அங்கிருந்தே இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "வாணாம்டா நைனா, ஏறாத! பவளம், உன் கால்ல உயறேன், அவன அனுப்பிச்சிடு. எனக்கு ஒரே புள்ள!"

"எனக்கு எத்தினி ஆண்ட?" என்று கேட்டாள் அம்மா. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். பிறகு மோகனிடம் திரும்பி, "அவரு கெடக்கறாரு. நீ ஏறு சாமி" என்றாள்.

மோகன் அப்பாவையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னாத்துக்குக்கா நைனா இப்டி கத்துறாரு?" என்று என்னைக் கேட்டான். ஒரு கை ஹேண்டில்பாரில். கால் ஒன்று ஏற்கெனவே தரையை விட்டுக் கிளம்பிவிட்டது.

ஏறட்டுமே. வெறும் இரும்பு. நானே கழுவி, நானே எண்ணெய் விட்டு, நானே ஓட வைத்த இரும்பு. அதில் ஒருவன் உட்கார்ந்தால் என்ன குடி முழுகிவிடும்? அந்த அப்பன்காரன் அங்கே நின்று துடிக்கட்டும், நாங்கள் துடித்தோமே. நான் பேசாமல் நின்றால் போதும். இவ்வளவும் எனக்குத் தோன்றியது. கூடவே அம்மா அந்தப் பையனின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பதும் தெரிந்தது.

"ஏறாத மோகன்" என்றேன். "கால எறக்கு. வண்டிய உட்டுட்டு போ."

அவன் திடுக்கிட்டுக் காலை இறக்கினான். கையையும் எடுத்துவிட்டான். "தப்பா நெனச்சிக்காதீங்கக்கா" என்று என்னவோ முனகிக்கொண்டு குடையை எடுத்தான். மதகில் புருஷோத்தமன் அவனை அப்படியே சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தலை, தோள், கை என்று தடவித் தடவிப் பார்த்தார். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார். என் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை.

எட்டிப் பார்த்தவர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அம்மா படியிலிருந்து இறங்கி வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் முகத்துக்கு நேரே வந்து நின்று நிதானமாகக் கேட்டாள்.

"இதெல்லாம் நீதான் நம்ப மாட்டியேடி. அப்புறம் இன்னாத்துக்கு அவன ஏறாதன்ன?"

உள்ளே அரவிந்தன் தண்ணீர் கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடினோம்.